இசை காதுக்கு மட்டுமா?

கடந்த தவணை விடுமுறையில் வீட்டில் இருந்து ஒரு படம் பார்த்தேன். ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் எடுக்கப்பட்ட பேசாத படம். ஆனால் அதன் கதை ஒரு வோல்ட்ஸ் இசையைச் சுற்றியது. என்னோடு இருந்து அதைப் பார்த்தவர் காது கேளாத ஓர் அக்கா. அன்று பின்னேரம் வரையில் நான் சரியென்று நம்பியிருந்த ஒன்று அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் பிழையாகிப் போனது. அதைக் கல்லூரித் தோழிகளுக்கும் எங்கள் பெற்றோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பூநகரிப் பிரதேசத்தில், நாச்சிக்குடாவில் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம் இருபது வருடங்கள் புத்தளத்தில் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பியது. எனக்கு அப்போது மூன்று வயது. வளவெல்லாம் பற்றை மண்டிக் கிடந்ததாம். அன்று இரவு அடுத்த வளவில் இருந்தவர்கள்தான் ஒரு கேத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்து தந்தார்கள் என்று உம்மா இன்றைக்கும் சொல்வார். அவர்களும் அப்போதுதான் முகாமிலிருந்து திரும்பியிருந்தார்கள். அந்த வீட்டு மகள்தான் நான் சொல்லும் அக்கா. 2009இல் மாத்தளனில் பக்கத்தில் ஷெல் விழுந்து வெடித்ததில் அவவுடைய இரண்டு காதுகளும் போய்விட்டன. அப்போது அவவுக்குப் பத்து வயது. இப்போது தையல் தைக்கிறா. நான் அணியும் கல்லூரிச் சீருடைகூட அவ தைத்ததுதான்.

அக்காவுக்கு நன்றாகப் பேச வரும். பத்து வயது வரை கேட்டு வளர்ந்தவர் அல்லவா? தன் குரலின் அளவு தெரியாததால் சில நேரம் உரத்தும் சில நேரம் மெல்லியதாகவும் பேசுவா. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகள் அவவை 'ஊமையக்கா' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அவவுக்குக் கேட்காதுதானே என்ற தைரியத்தில் முன்னால் நின்றே சொன்னோம். வாயசைவைப் பார்த்து அவ எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறா என்பது பல வருடம் கழித்தே எனக்குத் தெரியவந்தது.

உயர்தரத்தில் நான் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தை எடுத்திருக்கிறேன். ஒப்படைக்காக ஒரு மௌனப் படத்தைத் தெரிவுசெய்து எழுதவேண்டியிருந்தது. எல்லாரும் சார்லி சாப்ளினை எழுதுவார்கள் என்று நான் வேறொன்றைத் தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் 'ஐன் வால்சர்டிராவும்' என்ற ஜேர்மன் படம். 'ஒரு வோல்ட்ஸ் கனவு' என்று பொருள். 1925ஆம் ஆண்டு ஜேர்மனியின் உஃபா நிறுவனத்துக்காக லுட்விக் பேர்கர் என்பவர் நெறியாள்கை செய்தது.

ஒரு விடயம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இந்தப் படத்துக்கு மூலம் ஓர் இசை நாடகம். ஒஸ்கார் ஸ்ட்ராவுஸ் இசையமைத்து 1907இல் வியன்னாவில் மேடையேறியது. வோல்ட்ஸ் என்றதும் உலகம் நினைப்பது 'நீல டானியூப்' என்ற புகழ்பெற்ற வோல்ட்ஸை எழுதிய ஜொஹான் ஸ்ட்ராவுஸின் குடும்பத்தைத்தான். அவர்களோடு தன்னைக் குழப்பிவிடக்கூடாது என்பதற்காக ஒஸ்கார் தன் பெயரின் கடைசி எழுத்தொன்றை எடுத்துவிட்டாராம். அப்படிப்பட்ட ஒருவருடைய பாட்டுக்களுக்காகவே சனம் பார்த்த நாடகத்தை எடுத்து, பாட்டே கேட்காத படமாக்கினால் என்ன மிஞ்சும்? தேங்காயில்லாமல் சொதி வைத்த மாதிரித்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் மௌனப் படம் என்பது மௌனமாக ஓடிய படமல்ல. அந்தக் காலத்துத் திரையரங்குகளில் திரைக்கு முன்னால் இருந்து வாசிப்பவர்கள் இருந்தார்கள். பெரிய நகரமென்றால் முழு வாத்தியக் குழு, சிறிய ஊரென்றால் ஒரு பியானோ. எர்னோ ராப்பே என்ற இசை நடத்துநர் 1924இல் இவர்களுக்காகவே ஒரு தடித்த இசைப் புத்தகம் வெளியிட்டார். துக்கம், சண்டை, துரத்தல், கல்யாணம் என்று 52 வகையான மனநிலைகளுக்கும் சந்தர்ப்பங்களுக்கும் உரிய இசைத் துண்டுகள் அதில் இருந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடுத்த காட்சிக்கு உடனே தாவக்கூடியதாகப் பக்க ஓரத்திலேயே அட்டவணை போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஆர்மோனியமும் தபேலாவும் அந்த வேலையைச் செய்தன. ஆகவே 'ஊமைப் படம்' என்று நாங்கள் சொல்லிவரும் பெயரே பிழை. அந்தப் படங்கள் ஊமையுமல்ல, எங்கள் அக்கா ஊமையுமல்ல. இரண்டுக்கும் ஒரே பிழையான பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

அந்த 1925ஆம் ஆண்டு எங்கள் நாட்டுக்கும் முக்கியமானது. இலங்கையின் முதலாவது கதைப்படமான 'ராஜகீய விக்கிரமய' அதே வருடம்தான் எடுக்கப்பட்டது. அதைத் தயாரித்தவர் நூர்பாய் என்ற வர்த்தகர். பின்னாளில் பெரிய அரசியல் தலைவரான என். எம். பெரேரா அதில் நடித்திருந்தார். அதுவும் மௌனப் படந்தான். பம்பாயிலும் சிங்கப்பூரிலும் திரையிடப்பட்ட அந்தப் படம், இந்நாட்டு மக்கள் பார்க்கும் முன்பே தீயில் எரிந்துபோனது. இந்தியாவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டு, விரல் விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சியிருக்கின்றன. 'கீசக வதம்' என்ற தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமும் இன்று இல்லை. எங்கள் முன்னோர் பார்த்த மௌனப் படத்தை நான் பார்க்க முடியாது. அதனால்தான் ஜேர்மனிவரை போகவேண்டியிருந்தது.

படத்தை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தேன். சட்டை அளவெடுக்க வந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பழைய படமோ?" என்று கேட்டா. "ஓம், இருங்கோவன்" என்றேன். உண்மையில் அது ஒரு சம்பிரதாயத்துக்குச் சொன்னது. இசைப் படத்தில் அவவுக்கு என்ன இருக்கப்போகிறது என்பதுதான் என் நினைப்பு. அவ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டா.

பின்னாளில் யாரோ சேர்த்த இசை அந்தப் படத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கிறது, அவவுக்குக் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எனக்கு மனம் கூசியது. சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டேன். இடையிடையே வரும் எழுத்துகளை ஒப்படைக்காக ஏற்கெனவே தமிழில் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கொப்பியை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம். இப்போது நாங்கள் இருவரும் சமம்.

கதை இதுதான். சிறிய இராச்சியமொன்றின் இளவரசி அலிக்ஸ். சட்டதிட்டங்களுக்குள் வளர்ந்தவள். வியன்னாவுக்கு வரும்போது நுக்ஸ் என்ற இளம் இராணுவ அதிகாரியைச் சந்திக்கிறாள். அவனையே மணமுடித்து ஊருக்குக் கூட்டிப்போகிறாள். அவனுக்கோ அந்த அரண்மனை மூச்சுமுட்டுகிறது. ஊர் ஞாபகம் விடவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து வியன்னா வோல்ட்ஸ் காற்றில் வர, அதைத் தேடிப் போகிறான். அங்கே பெண்கள் மட்டுமே உள்ள வாத்தியக் குழுவொன்று வாசித்துக்கொண்டிருக்கிறது. அதை நடத்துபவள் பிரான்சி என்ற வயலின்காரி. அவள்மேல் அவன் மனம் போகிறது. அவன் மணமானவன் என்பது அவளுக்குத் தெரியாது. இதற்கிடையில் கணவனின் மனதைப் பிடிக்க விரும்பும் இளவரசி, வியன்னாப் பெண்களைப் போல இருக்கக் கற்றுத்தரும்படி அதே பிரான்சியையே அழைக்கிறாள். இருவரும் சிநேகிதிகளாகிறார்கள். பிரான்சி அவளுக்கு வோல்ட்ஸ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். கடைசியில் உண்மை தெரியவருகிறது. பிரான்சி ஒதுங்கிப் போய்விடுகிறாள்.

சத்தமில்லாமல் பார்த்த முதல் பத்து நிமிடம் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. பிறகு கண் பழகியது. அதிலும் அந்தப் பெண்கள் வாசிக்கும் இடம். வில்கள் மேலே போய்க் கீழே வருகின்றன. தோள்கள் சாய்கின்றன. பிரான்சியின் தலை ஓரிடத்தில் அழுத்தி அசைந்து, இரண்டிடத்தில் இலேசாகப் போகிறது. நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு தட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் விரல் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று பலமாக, இரண்டு மெல்லியதாக. பிறகும் ஒன்று பலமாக, இரண்டு மெல்லியதாக.

நான் படத்தை நிறுத்திவிட்டு அவவைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்து, "இது மூண்டு மூண்டாத்தானே போகுது?" என்று கேட்டா.

வோல்ட்ஸ் என்பதன் இலக்கணமே அதுதான். மூன்று எண்ணிக்கை, அதில் முதலாவது அழுத்தம். எங்கள் சங்கீதத்தில் 'தகிட' என்று சொல்லும் திஸ்ரக் கணக்கு. நான் அதைப் புத்தகத்தில் வாசித்துத்தான் அறிந்தேன். காது கேளாத அக்கா, சத்தம் நிறுத்தப்பட்ட ஒரு படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டா. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சின்ன வயதில் அம்மம்மாவும் மாமியும் இன்னொருவரும் ஒரே உரலைச் சுற்றி நின்று நெல் குத்துவார்களாம். மூன்று உலக்கை. ஒருவர் போட்டதும் மற்றவர், அவர் எடுத்ததும் அடுத்தவர். கணக்குப் பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும். "மொட்டைக்கறுப்பன் குத்தேக்க பாத்தனான். இவையளும் அப்பிடித்தான் நிண்டு ஆளுக்காள் பாத்து வாசிக்கினம்" என்றா. பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பெயர் போன ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் உரலடியில் ஒரு வியன்னா வோல்ட்ஸின் கணக்கு இருந்தது என்பதை யார் நினைத்தார்?

இதை எழுதும்போது ஒரு கேள்வி வரும் என்பது தெரியும். காது கேளாத ஒருவரை இருத்தி இசைப் படம் காட்டுவது அவரை நோகப்பண்ணும் வேலை அல்லவா? பார்ப்பதும் கேட்பதும் ஒன்றா? இல்லைத்தான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அன்று நான் அக்காவிடம், சத்தங்களில் எது இப்போதும் ஞாபகத்துக்கு வரும் என்று கேட்டேன். "தகரத்திலை மழை பெய்யிற சத்தம்" என்றா. எந்தப் படமும் அதை அவவுக்குத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் இசையில் காதுக்குரிய பங்கு ஒன்று இருப்பது போல, கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் உரிய பங்கும் இருக்கிறது. காதுக்குரியது போய்விட்டது என்பதற்காக மற்றதையும் சேர்த்துப் பறித்துவிட்டோம். பறித்தது ஷெல் அல்ல. நாங்கள்தான்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி என்ற பெண்ணைப் பற்றித் தோழிகள் அறிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதளவில் அவருடைய செவிப்புலன் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் தாள வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்றார். மேடையில் பாதணி இல்லாமல் நின்று, அதிர்வைக் காலாலும் உடம்பாலும் உணர்ந்து வாசிப்பவர். பேதோவன் தன் ஒன்பதாவது சிம்பனியை 1824இல் அரங்கேற்றியபோது அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை எல்லாரும் சொல்வோம். மேதைகளுக்கு இதைச் சொல்லி வியக்கிற நாங்கள், அடுத்த வளவு அக்காவுக்கு மட்டும் 'அவவுக்கு என்ன விளங்கப்போகுது' என்று சொல்லிவிடுகிறோம்.

ஒப்படைக்காக மேலும் வாசித்தபோது இன்னொரு செய்தி தெரிந்தது. மௌனப் படக் காலந்தான் சினிமா காது கேளாதவர்களையும் மற்றவர்களையும் ஒரே வரிசையில் இருத்திய காலம். கதை முகத்திலும் கையிலும் இருந்தது. வசனம் எழுத்தாக வந்தது. எழுத வாசிக்கத் தெரிந்த எவரும் சமமாகப் பார்க்கலாம். காது கேளாதவர்கள் நடித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிரன்வில் ரெட்மண்ட் என்ற ஓவியர் சிறு குழந்தையாக இருந்தபோதே நோயினால் செவிப்புலனை இழந்தவர். சாப்ளின் அவரைச் சிநேகிதராக்கி, படம் வரையத் தன் படப்பிடிப்பு வளாகத்திலேயே இடம் கொடுத்தார். அவரிடமிருந்து சைகை மொழியும் கற்றுக்கொண்டார். சாப்ளினின் சில படங்களில் ரெட்மண்ட் நடித்திருக்கிறார். 'சிட்டி லைட்ஸ்' படத்தில் வரும் சிற்பி அவர்தான்.

பிறகு பேசும் படம் வந்தது. 1927இல் அமெரிக்காவில் 'த ஜாஸ் சிங்கர்' தொடக்கி வைத்தது. 1931இல் 'காளிதாஸ்' தமிழில் பேசியது. அதே 1931இல், நான் சொன்ன இந்த வோல்ட்ஸ் கதையே ஹொலிவூட்டில் 'த ஸ்மைலிங் லெப்டினன்ட்' என்ற பெயரில் பேசிப் பாடும் படமாக மறுபடி வந்தது. எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த அந்தப் படத்துக்கும் நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் அக்கா அந்தக் காலத்தில் இருந்திருந்தால், 1925இல் வந்த கதையைத் திரையரங்கில் எல்லாரோடும் இருந்து பார்த்திருப்பா. ஆறே வருடத்தில், அதே கதை அவவுக்குப் பூட்டப்பட்டிருக்கும். இடையில் அவவுக்கு எதுவும் நடக்கவில்லை. மாறியது படம்தான். எழுத்தை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்க யாரும் நினைக்கவில்லை.

எமர்சன் ரொமேரோ என்ற நடிகரும் காது கேளாதவர். மௌனப் படங்களில் நடித்தவர். பேசும் படம் வந்ததோடு அவருக்கு அந்த வேலை இல்லாமல் போனது. அவர் சும்மா இருக்கவில்லை. 1947இல் பேசும் படங்களின் பிரதிகளை எடுத்து, இடையிடையே எழுத்து அட்டைகளை வெட்டி ஒட்டி, காது கேளாதவர்களின் சங்கங்களுக்குக் காட்டக் கொடுத்தார். அதன் பின்னர், 1958இல், காது கேளாதோருக்காக எழுத்து இணைத்த படங்களுக்கு அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் வசனம் எழுத்தாக வருவதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

படத்தின் முடிவுக்கு வருவோம். பிரான்சி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுத் தானே ஒதுங்கிப் போவதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ ஏன் போகவேணும்? அவதானே எல்லாம் சொல்லிக் குடுத்தவ" என்று உரத்துச் சொன்னா. குசினியில் இருந்த உம்மா எட்டிப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. ஒன்றாக இருந்து பார்த்தவர்களை வெளியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திய சினிமாவின் கதையும், முற்றத்தில் எங்களோடு விளையாடவேண்டிய அக்காவைப் பெயர் வைத்துத் தள்ளிவிட்ட எங்கள் கதையும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன.

ஆரம்ப வகுப்பில் நான் படித்த ஒரு பாடசாலையில் செவிப்புலன் குறைந்த பிள்ளையொன்று இருந்தது. கலைவிழாவுக்கு அபிநயப் பாடல் பழக்கியபோது அவளைக் கடைசி வரிசையில் சும்மா நிற்கச் சொன்னார்கள். தாளம் பிசகிவிடுமாம். நாங்கள் ஆடினோம், அவள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று நினைத்தால், முன் வரிசையில் இருப்பவரைப் பார்த்து ஆட அவளுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தால் போதும். உலக்கை போடுபவர் மற்றவரைப் பார்த்துத்தானே போடுகிறார்?

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன. பெரிய செலவு எதற்கும் இல்லை.

முதலாவது, கல்லூரி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வெளியிடும்போது கீழே தமிழில் எழுத்துப் போடுவோம். ஊடகக் கழகத்தில் உள்ள நாங்களே அதைச் செய்யலாம். நாடகம் போடும் நாளில் வசனப் பிரதியை முன்கூட்டியே அச்சிட்டு, தேவையானவர்களுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, தவணைக்கு ஒரு நாள் மௌனப் படம் ஒன்றைத் திரையிடுவோம். எழுத்துகளைத் தமிழில் நாங்களே தயாரிப்போம். கைதடி நவீல்ட் பாடசாலைப் பிள்ளைகளையும், சுற்றியுள்ள ஊர்களில் வீட்டோடு இருக்கும் செவிப்புலன் குறைந்த பெண்களையும் அழைப்போம். அவர்களுக்கு உதவி செய்கிறோம் என்று அல்ல. அந்தப் படங்களைப் பார்ப்பதில் அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர். நான் பத்து நிமிடம் அலுத்துக்கொண்டிருந்தபோது அக்கா ஏற்கெனவே படத்துக்குள் போயிருந்தா. அவர்களிடமிருந்து சில சைகைகளையும் நாங்கள் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, எங்கள் ஒவ்வொருவரின் பழக்கம். கேட்காத ஒருவரோடு பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். வாயைக் கையால் மூடக்கூடாது. கத்தத் தேவையில்லை, ஆறுதலாகச் சொன்னால் போதும். எல்லாவற்றிலும் முக்கியம், 'ஒண்டுமில்லை, பிறகு சொல்லுறன்' என்று சொல்லாமல் இருப்பது. தனக்கு வாயசைவில் அதிகம் தெரிந்த வசனம் அதுதான் என்று அக்கா சொன்னா. எல்லாரும் சிரிக்கும்போது என்ன என்று கேட்டால் 'ஒண்டுமில்லை' என்கிறோம். பிறகு ஒருபோதும் சொல்வதில்லை.

பெற்றோரிடம் இரண்டு வார்த்தை. மகள்மாருக்குப் படம் காட்டுவதா, அதுவும் வெள்ளைக்காரர் ஆடும் ஆட்டத்தையா என்று சிலர் நினைப்பீர்கள். அந்த ஆட்டத்தைப் பழகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை ஆசிரியர்களும் நீங்களும் இருந்து தெரிவுசெய்யலாம். குடும்பத்தோடு பார்க்கக்கூடிய மௌனப் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. வாத்திய இசையை விரும்பாத வீடுகளும் எங்களிடையே உள்ளன. அவர்களுக்கும் இதில் சங்கடம் இல்லை. சத்தத்தை நிறுத்தி வைத்துத்தான் நாங்கள் பார்த்தோம் என்பதை மறக்கவேண்டாம். பரீட்சைக்கு நேரம் போதாது என்பீர்கள். ஒரு தவணையில் இரண்டு மணித்தியாலம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது இதைவிடப் பாரமான விடயம். பிள்ளைக்குக் காது கேட்பது குறைவென்று சந்தேகம் வந்தால் ஒளிக்காதீர்கள். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேசவேண்டும், நாலு பேர் அறியக்கூடாது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் வீடுகளை நான் அறிவேன். காதில் சீழ் வடிவதைச் சின்ன விடயம் என்று விட்டு, அதனாலேயே கேட்கும் திறன் குறைந்துபோகும் பிள்ளைகள் உண்டு. செவிப்புலன் கருவி வாங்கிக் கொடுத்தாலும் அதைத் தலைமறைப்புக்குள் இறுக்கி மறைக்கச் சொல்கிறோம். துணி இறுகினால் கருவி கீச்சிடும், சத்தமும் தெளிவாகப் போகாது. அந்த இடத்தில் சற்றுத் தளர்வாக, மெல்லிய துணியில் கட்டினால் மறைப்பும் இருக்கும், பிள்ளைக்கும் கேட்கும். கண்ணாடி போடுவதை மறைக்காத நாங்கள் இதை ஏன் மறைக்கவேண்டும்?

அந்தப் படத்தைப் பார்த்து முடிந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாள். சங்குப்பிட்டிப் பாலத்தால் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தைத்த சட்டையை எடுக்க அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவ மெசினில் கால் மிதித்துக்கொண்டிருந்தா. நான் முன்னால் போய் முகம் தெரிய நின்று, பிழைத்துப்போன ஒரு காரியம் பற்றிச் சொல்லவேண்டும் என்றேன். சின்ன வயதில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவ காலை நிறுத்தாமலே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றா. பிறகு சட்டையை மடித்துக் கையில் தந்துவிட்டு, "அடுத்த லீவுக்கு வரேக்க வேறை படம் கொண்டு வா. அந்த வயலின்காரி போகாத படமாப் பாத்துக் கொண்டு வா" என்று சொன்னா.

அடுத்த விடுமுறைக்கு நான் படம் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கல்லூரி மண்டபத்தில் அவவுக்கு முன் வரிசையில் ஒரு கதிரை போடும் நாள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. போடுவோமா?